ஓதம் ஏறிய சுவர்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் வசிக்கும் நேயர்கள் மார்கழி பிறந்ததும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை. அதன்மேல் மாவு தூவினாற்போல் உப்பு. தொட்டால் வர்ணம் ஏடு ஏடாகக் கையோடு வரும். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் வீட்டுக்காரர் பெயிண்டுக் கடைக்குப் புறப்படுகிறார். அவரைச் சற்று நிறுத்தி வைக்கவே இதை எழுதுகிறோம்.

இத்தகைய வீடுகள் பலவற்றில் அடிச்சுவர் கருங்கல். அதற்குமேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கருங்கல் நீரை அதிகம் குடிப்பதில்லை. கல்லிடுக்கிலுள்ள சாந்துதான், திரி எண்ணெயை இழுப்பதுபோல, மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கிறது. ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும்; உப்போ சுவரின் முகத்திலேயே தங்கிக் காரையைப் பிளக்கிறது.

நம் முன்னோர் இந்த ஈரத்தை அடைக்க முயலவில்லை. வெளியேற வழி விட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் தை மாதத்தில் முற்றும் உலர்ந்திராது. ஆயினும் அதற்கு வெள்ளையடிப்பதால் கெடுதலில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி கல்லாக இறுகுவதற்குச் சிறிது ஈரம் வேண்டியதே. இறுகிய பின்னும் அது சுவரின் மூச்சை அடைப்பதில்லை. இன்றும் பொங்கல் வழக்கம் மாறவில்லை. டப்பாவிலுள்ள சரக்கு மாறிவிட்டது. எண்ணெய் வர்ணத்தை அதே ஈரச் சுவரில் பூசி, ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கிறோம்.

நாமும் இந்தத் தவற்றைச் செய்தவர்களே. நம் பாட்டனார் வீட்டில் காரை பெயர்ந்த இடத்தைக் கொத்திவிட்டு, இடுப்பளவுக்குச் சிமெண்டு பூசச் செய்தோம். "சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுச் சட்டையா, ஐயா?" என்று வயோதிகக் கொத்தனார் ஒருவர் கேட்டார். பழைய காலத்து மனிதர் என்று எண்ணிக்கொண்டோம். இரண்டு மழைக்காலம் சுவர் பளபளவென்றிருந்தது. மூன்றாவதில் கறை சிமெண்டையும் தாண்டி மார்பளவுக்கு ஏறிவிட்டது! அங்கே மாட்டியிருந்த பாட்டியின் கல்யாணப் புகைப்படத்தில் பூஞ்சை பிடித்துப் பாதி முகம் போயிற்று. வேறு பிரதி கிடையாது.

சுண்ணாம்பு நிலைக்குமா என்று ஐயுறுவோர் ஒரு மாலை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் வரலாம். 1636-இல் எழுந்த அம்மாளிகையின் கமான்களும் விதானங்களும் செங்கல்லும் சுண்ணாம்புமே. போர்ட்லண்டு சிமெண்டுக்கு ஆஸ்ப்டின் என்பார் உரிமை பெற்றதோ 1824-இல். மகாலுக்கும் பழுதுபார்ப்பு வேண்டியிருந்தது, மெய்தான். 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதைச் செய்வித்தார். சுண்ணாம்பு சாகாவரம் பெற்ற பொருளன்று.

முதலில் நீர் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேன்மேலும் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மூன்று வாசற்படி இருந்த வீட்டுக்கு இன்று ஒன்றே மிச்சம். மழைநீர் சுவரோரமே நிற்கிறது. அதற்குச் சரிவும் வாய்க்காலும் அமைக்காதவரை எந்தப் பூச்சும் வீண். பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்து, உப்பைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுக. கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போகும். பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் உலரட்டும். ஒரு கோடை போதாமலும் போகலாம்; அந்த அலங்கோலத்தை விருந்தினர் பார்த்தால் பார்க்கட்டும். அப்புறமே சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்ந்த காரை. அது இறுகியபின், வடிகட்டிய சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மூன்று பூச்சு. பழைய எண்ணெய் வர்ணம் எஞ்சியிருக்கும் இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டியே ஆகவேண்டும்.

நம் வீட்டில் கறை இப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. பாட்டியின் படத்தை மட்டும் மாடி அறைக்கு மாற்றிவிட்டோம்.