முதலில் சம்பளம், பிறகு பந்தல்

எங்கள் எடமலைப்பட்டி புதூரில் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து, வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசப் பாட்டு வகுப்பு நடத்துகிறோம். வரவு செலவு என் பொறுப்பு. போன வருஷம் ஆண்டு விழாவுக்குப் பந்தல், மைக் செட், பொன்னாடை என்று தாராளமாகச் செலவழித்துவிட்டு, பாட்டு டீச்சருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டேன். 'சேவைதானே, பொறுத்துக்கொள்வார்' என்று ஒரு நினைப்பு!

திடீரென்று டீச்சர் வருவது நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்துக்கே தேடிப் போனேன். "சாயங்காலத்திலே ஜவுளிக் கடை வேலைக்குப் போறேன் அக்கா. வாடகை கட்டணுமே. உங்ககிட்டே கேட்கக் கூச்சமா இருந்தது" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குக் கோயில் எழுப்பியதை அறிவீர்கள். அதோடு விட்டாரா? 1952ல் கண்மூடுமுன்பே, தமக்குப் பின்னும் காரியங்கள் தடையின்றி நடக்க உயில் எழுதி வைத்தார். அந்த முன்யோசனை எனக்கு இல்லையே!

பாக்கியைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். டீச்சர் திரும்பி வந்தார்.

இப்போது நன்கொடை வந்தால் டீச்சர், மிருதங்கக்காரர், வகுப்பு பெருக்கும் அம்மா மூவருக்கும் மூன்று மாதச் சம்பளம் முதலில் பாங்கில் தனியாகப் போய்விடும். 5ந் தேதிக்குள் சம்பளம். உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால் பிடித்தம் கிடையாது. மீந்தால்தான் விழா.

இந்த வருஷ விழா மொட்டை மாடியில், ஜமக்காளம் விரித்து நடந்தது. பிள்ளைகள் பாட்டில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் மாதர் சங்கத்திலும் சம்பள நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்களேன், சகோதரிகளே!