சென்னைக்கு மிக மிக அருகில்

தொலைக்காட்சியில் மனை விளம்பரம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். திண்டிவனம் பக்கம் ஒரு பொட்டல் வெளி, அதில் வரிசையாக வண்ணக் கொடிகள், ஒரு அலங்கார வளைவு, கோட் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வரும் ஒரு சீரியல் நடிகர். "சென்னைக்கு மிக மிக அருகில்!" இந்தக் கணக்கில் விருத்தாசலமும் சென்னைக்கு அருகில்தான். எழும்பூரிலிருந்து ரயிலில் சுமார் 213 கிலோமீட்டர். மணிமுத்தாற்றங்கரையில் இன்னும் யாரும் அந்தக் கொடியை நடவில்லை என்பது ஆறுதல்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விருத்தாசலத்தில் பி.காம் முடிப்பவர்களும், பீங்கான் தொழில்நுட்பம் படித்து டிப்ளமோ வாங்குபவர்களும் வேலை கிடைத்த முதல் வாரத்தில் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். வேலை சென்னையில். நகருக்குள் வாடகை கட்டுப்படி ஆகாது. அப்படியானால் வெளியே எந்த ஊர்? ஊரில் இருக்கும் பெரியப்பா ஒரு பதில் சொல்வார், ரூம் பார்த்து வைத்த சீனியர் ஒரு பதில் சொல்வார், புரோக்கர் ஒரு பதில் சொல்வார். மூன்று பேரும் கிலோமீட்டரையும் வாடகையையும் மட்டும்தான் சொல்வார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேலை ஒரு ஊர், வீடு ஒரு ஊர் என்பதை விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் நெய்வேலி. அனல்மின் நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் இங்கிருந்து தினமும் போய் வருகிறவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் பைக், பைக் மக்கர் செய்தால் பக்கத்து வீட்டு அண்ணன். அங்கே தூரமும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அந்தப் பழக்கத்தோடு சென்னைக்குப் போகிறவர், "தாம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தானே" என்று சுலபமாக ஏமாந்துவிடுகிறார். அங்கே பதினைந்து கிலோமீட்டர் என்பது மின்ரயிலில் ஒரு நேரம், ஜி.எஸ்.டி. சாலையில் திங்கள்கிழமை காலையில் வேறு நேரம், மழை பெய்தால் கடவுளுக்கே வெளிச்சம்.

பீங்கான் பேட்டையில் பொம்மைக்கு அச்சு செய்கிறவருக்கு ஒரு கணக்கு தெரியும். ஊற்றிய மண் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார். மனை விளம்பரத்தில் வரும் நிமிடங்கள் இதற்கு நேர் எதிர். சாலை வெயிலில் வைத்தால் விரிந்துகொண்டே போகும்!

முதலில் ஒரு ஆசையைக் கிள்ளி எறிந்துவிடுவது நல்லது. ஊரிலிருந்தே தினமும் போய் வந்தால் என்ன என்று சிலருக்கு ஒரு நப்பாசை இருக்கும். ஜங்ஷன்தானே, ரயிலுக்கா பஞ்சம்? பஞ்சமில்லை. ஆனால் பல்லவனும் வைகையும் எழும்பூர் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிடும், ஆபீஸில் பாதி நாள் முடிந்திருக்கும். நள்ளிரவில் ஏறினால் விடியற்காலை போய்ச் சேரலாம். அதைத் தினமும் செய்ய உடம்பு தாங்காது. எல்லாவற்றுக்கும் மேல், ரயில்வேயில் மாத சீசன் டிக்கெட் பொதுவாக 150 கிலோமீட்டருக்குள்தான் தருகிறார்கள். விருத்தாசலத்தை விடுங்கள், எழும்பூரிலிருந்து 159 கிலோமீட்டரில் இருக்கும் விழுப்புரமே அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. ஆக ரயில்வேயைப் பொறுத்தவரை தினமும் போய்வரும் தூரம் எது என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. விளம்பரத்துக்குத்தான் கிடையாது.

இனி வாடகைக் கணக்கு. காமர்ஸ் படித்தவர்களே இதில் சறுக்குவதுதான் வேடிக்கை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அறையை விட, மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அறையில் வாடகை மாதம் 3,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். லாபம் போலத்தான் தெரியும். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ போக 20, வர 20 என்று வைத்தால் 25 வேலை நாளில் 1,000 ரூபாய் காலி. மிச்சம் 2,000. ஆட்டோ நிறையும்வரை காத்திருப்பது, அதனால் ஒரு ரயிலைத் தவறவிடுவது, இரவில் ஆட்டோவே இல்லாமல் நடப்பது என்று ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் போனால், மாதத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம். அதாவது தன்னுடைய ஒரு மணி நேரத்தை 53 ரூபாய் சொச்சத்துக்கு விற்றிருக்கிறார் அந்தப் பட்டதாரி. சி.ஏ. இன்டருக்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்க வேண்டிய நேரம் அது. "வாய்ப்புச் செலவு" என்று முதல் வருடப் பொருளாதாரத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியது, இங்கே மாதாமாதம் பில்லோடு வருகிறது.

செலவிலேயே மலிவானது மின்ரயில் சீசன் டிக்கெட்தான். கைக்கடியை ஏற்படுத்துவது ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர். எனவே ஊரை விட ஸ்டேஷனிலிருந்து நடை தூரம் முக்கியம். பெண்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். இரவு ஒன்பதரைக்கு இறங்கி, தெருவிளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, நாய் துரத்துமா என்று பார்க்க வேண்டியவர்களிடம் போய் "இரண்டாயிரம் மிச்சம்" என்று சொல்வது அபத்தம்.

சென்னையின் தெற்குப் புறநகர் உருவானதே ரயிலால்தான். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. இன்று தாம்பரம் தனி மாநகராட்சி, வாடகையும் அதற்கேற்ற உயரம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்கு மிஞ்சுவது தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் உள்ள சுமார் முப்பது கிலோமீட்டர். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர்.

இந்த வரிசையில் எல்லோரும் முதலில் கை வைப்பது கூடுவாஞ்சேரி. நகருக்குக் கிட்டே, கடை கண்ணி உண்டு. ஆனால் விருத்தாசலத்துக்காரர் வரிசையின் கடைசி ஊரையே முதலில் பார்ப்பது நல்லது. செங்கல்பட்டு.

காரணம் எளிது. வெளியூர்க்காரர் பார்க்க வேண்டிய திசை இரண்டு. ஒன்று ஆபீஸுக்கு, இன்னொன்று ஊருக்கு. ஆபீஸ் திசையில், செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் மின்ரயில்களில் காலையில் உட்கார இடம் கிடைக்கும். அதே வண்டியில் கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், தாம்பரத்தில் ஏறுகிறவர் கம்பியையே தேடுவார். கிண்டி வரை உட்கார்ந்து போகும் நேரம் முழுக்க வீணில்லை. புத்தகத்தைத் திறக்கலாம், தூங்கலாம். ஊர் திசையில், தெற்கே போகும் விரைவு ரயில்களில் பல செங்கல்பட்டில் நிற்கின்றன. கூடுவாஞ்சேரியில் பெரும்பாலானவை வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் மேலே தாம்பரத்துக்கோ எழும்பூருக்கோ போய்விட்டு, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரானதால் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாம் ஊருக்குள்ளேயே. தனி ஊராக இருந்து பழகிய ஊர் அது, வெறும் படுக்கையறை இல்லை.

குறையும் உண்டு. தாம்பரத்தோடு திரும்பிவிடும் மின்ரயில்கள் அதிகம், செங்கல்பட்டு வரை வருபவை குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பு நீளும். இரவு ஷிப்ட் வேலை என்றால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏசி மின்ரயிலும் வந்தது. டிக்கெட் விலையைப் பார்த்தால் முதல் சம்பளக்காரருக்கு வேர்க்கும் :-)

பஸ்ஸையே நம்புகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது; 2024 ஜனவரியிலிருந்து தென்மாவட்ட பஸ்கள் அங்கே மாறின. அதுவரை விருத்தாசலம் பஸ்ஸுக்குக் கோயம்பேடு போக வேண்டியிருந்த ஊரப்பாக்கம்வாசிக்கு ஒரே நாளில் ஊர் பக்கத்தில் வந்துவிட்டது. நகருக்குள் குடியிருப்பவர்கள் இன்றும் கிளாம்பாக்கத்தைத் திட்டுகிறார்கள், ஊரப்பாக்கத்துக்காரர்கள் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள். ஆனால் இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. முனையம் திறந்தபோது அதற்கான ரயில் நிலையம் தயாராகவில்லை. "மெட்ரோ வரப்போகிறது, ஸ்டேஷன் வரப்போகிறது" என்று புரோக்கர் சொல்லும் எதற்கும் இன்றைய வாடகையில் பைசா கொடுக்கக் கூடாது. ஓடுகிற வண்டிக்குத்தான் காசு.

இதெல்லாம் கிண்டி, தியாகராய நகர், நுங்கம்பாக்கம், பாரிமுனை மாதிரி ரயில் தடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு. சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று ஓ.எம்.ஆரில் வேலை என்றால் இந்தத் தண்டவாளத்தால் பெரிய உபயோகமில்லை. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் தினமும் குறுக்கே போக வேண்டும். கம்பெனி கேப் எந்த எல்லை வரை வரும் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம். பீங்கான், கண்ணாடி படித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போவார்கள். அத்தனை தொழிற்சாலை இருந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் கிடையாது. அவர்களுக்கு சிங்கப்பெருமாள் கோயில் தோது. அங்கிருந்து ஒரகடத்துக்கு நேர் சாலை, ஊருக்குப் போகப் பரனூரைத் தாண்டிச் செங்கல்பட்டு.

வாடகை வரைக்கும் தப்பு செய்தாலும் பரவாயில்லை, பதினொரு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம். வாங்குவதில்தான் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடத்தில், அம்மாவின் நகையை அடகு வைத்து, முந்திரித் தோப்பில் ஒரு பாகத்தை விற்று, வேலைக்குப் பக்கத்தில் ஒரு மனையோ ஃபிளாட்டோ போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் நம் பக்கத்து வீடுகளில் அதிகம். மறைமலைநகரைப் பாருங்கள். சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட துணை நகரம், வேலையும் வீடும் ஒரே இடத்தில் என்பதுதான் யோசனை. அங்கே பெரிய அடையாளமாக இருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022ல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றுபோனது. ஆலையை நம்பி வீடு வாங்கியவருக்கு வேலை போனது, தவணை போகவில்லை. ஆலை போகலாம், தண்டவாளம் அவ்வளவு சீக்கிரம் போகாது. வேறு வேலைக்கு இருபது ஸ்டேஷன்களில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம் என்ற வசதி, வீட்டின் சதுர அடியை விடப் பெரியது.

அப்புறம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் பார்த்தோம். நாலு வருடத்துக்குள் இரண்டும். வெயில் காலத்தில் மனை பார்த்தால் எல்லா இடமும் மேடுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றவர்கள் ஏராளம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். ஒரு திங்கள்கிழமை காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பி, ஆபீஸ் வாசல் வரை போய்ப் பார்ப்பது. அடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பையைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டிலிருந்து கிளம்பி, விருத்தாசலம் ஜங்ஷனில் எத்தனை மணிக்கு இறங்க முடிகிறது என்று பார்ப்பது.