பெலே தேவியின் அக்கினிக் குண்டம்

எரிமலையைப் பகலில் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். ஹவாயித் தீவிலுள்ள கிலாவேயா எரிமலையின் விளிம்பில் நண்பகலில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? கரும்பாறையாலான ஒரு பிரம்மாண்டமான பள்ளம். அதன் வெடிப்புகளிலிருந்து எழும் வெண்புகை. காற்று திசை மாறினால் மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி. "இதைப் பார்க்கவா இத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்தோம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பலர் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். பள்ளத்தினுள் தீக்குழம்பு பொங்கும் நாளாயிருந்து, அவர்கள் இருட்டும் வரையில் பொறுத்திருந்தால், அந்தக் கரும்பாறையே அக்கினிக் குண்டமாக மாறுவதைக் கண்டிருப்பார்கள்.

ஹவாயித் தீவுகள் பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே இருக்கின்றன. கடலின் அடித்தளத்திலிருந்து எழும்பிய எரிமலைகளே அங்கே தீவுகளாக நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரிய தீவில் மௌனா லோவா என்னும் மலை 13,000 அடிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில், சுமார் 4,000 அடி உயரத்தில் இருப்பது கிலாவேயா. மலை என்றதும் கூரிய சிகரத்தை நினைக்க வேண்டாம். கவிழ்த்து வைத்த கேடயம் போலப் பரந்து சரிந்து கிடக்கும் மலை அது. உச்சியில் மைல் கணக்கில் அகன்ற பெரும் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்ளே 'ஹலேமாவுமாவு' என்ற இன்னொரு குழி. பெலே என்னும் அக்கினி தேவி அங்கேதான் வாசம் செய்கிறாள் என்பது ஹவாயி மக்களின் நம்பிக்கை.

சூரியன் மறைந்ததும் முதலில் சிவப்பது புகைதான். சற்று முன்பு வெறும் நீராவி போலத் தோன்றியது, அடிப்புறத்தில் செம்மை ஏறி, பிறகு மேகம் வரையில் ஒளி பரப்புகிறது. இருள் கூடக் கூட, பள்ளத்தின் தரையில் நெருப்புக் கோடுகள் தென்படுகின்றன. கறுப்புத் தோல் ஒன்று கிழிந்தாற்போல ஒரு கோடு திறக்கிறது, கிளை விடுகிறது, மூடிக்கொள்கிறது, வேறிடத்தில் மறுபடியும் திறக்கிறது. சில சமயம் குழம்பு ஊற்றாகப் பீறிட்டு எழும். கண்ணுக்குத் தெரிந்து சற்று நேரங்கழித்தே அதன் ஓசை காதுக்கு எட்டும். அந்த ஓசையைக் கடல் அலையின் முழக்கத்துக்கு ஒப்பிடலாம். அதுவரையில் ஆரவாரித்துக்கொண்டிருந்த ஜனங்கள் அப்போது தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பகலில் மறைந்திருப்பது இரவில் தெரிவானேன்? இதற்கு விடை வேண்டுமானால் நம் ஊர்க் கொல்லன் பட்டறைக்குப் போனால் போதும். பட்டறையை அரை இருட்டாகவே வைத்திருப்பது வழக்கம். காய்ச்சிய இரும்பு எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை அதன் நிறத்தைக் கொண்டுதான் கொல்லன் அறிகிறான். வெயிலில் அந்த நிறம் தெரியாது. தீக்குழம்பின் விஷயமும் இதுவே. பூமிக்குள்ளிருந்து வெளிப்படும்போது அதன் வெப்பம் சுமார் 1,150 டிகிரி சென்டிகிரேடு. நிறம் மஞ்சள் கலந்த செம்மை. காற்றுப் பட்ட சில வினாடிகளில் மேற்பரப்பு ஆறி ஆடை போலப் படிந்துவிடுகிறது. அந்த ஆடை இன்னமும் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டுடன் மங்கலாக ஒளிர்ந்துகொண்டுதானிருக்கும். ஆனால் சூரிய வெளிச்சத்தின் முன் அந்த ஒளி எம்மாத்திரம்? பகலில் கறுப்பாகத் தோன்றுவதெல்லாம் இரவில் செந்தணலாகத் தோன்றுவதன் இரகசியம் இதுதான்.

இந்தக் காட்சியை நாள் குறித்துப் போய்ப் பார்க்க முடியாது. எரிமலைக்குப் பஞ்சாங்கம் கிடையாது. 2008 முதல் 2018 வரையில் ஹலேமாவுமாவில் ஒரு தீக்குழம்பு ஏரி இருந்தது. 2018 மே மாதத்தில் அது வடிந்து மறைந்தது. மலையின் கிழக்குச் சரிவில் பூமி பிளந்து, குழம்பு குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது. 700-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. உச்சியிலோ தரை இடிந்து விழுந்து, குழி 1,500 அடிக்கு மேல் ஆழமாயிற்று. 2019-இல் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி ஓர் ஏரியே உண்டாயிற்று! 2020 டிசம்பர் 20-ஆம் தேதி இரவு மீண்டும் எழுந்த தீக்குழம்பு அந்த ஏரியைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிட்டது. பிறகு 2024 டிசம்பர் 23-ஆம் தேதி தொடங்கிய எழுச்சியில், விட்டு விட்டுத் தீ ஊற்றுகள் கிளம்பின. 2025-இல் அவற்றுள் சில ஆயிரம் அடிக்கு மேலும் பாய்ந்தன. சில மணி நேரமோ ஒரு நாளோ பொங்கிவிட்டு, பல நாட்கள் மௌனமாயிருப்பது அவற்றின் வழக்கமாயிருந்தது.

இந்தக் குணத்தை ஆராய்வதற்காகவே தாமஸ் ஜாகர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1912-இல் கிலாவேயாவின் விளிம்பில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்தார். 1902-இல் மார்ட்டினிக் தீவில் ஓர் எரிமலை வெடித்து ஸான் பியேர் நகரத்தையே அழித்தது. அந்த நாசத்தை நேரில் கண்ட அவர், எரிமலையின் பக்கத்திலேயே குடியிருந்து கவனித்தாலன்றி ஜனங்களுக்கு முன்னெச்சரிக்கை தர முடியாது என்று உறுதி கொண்டார். ஆகையால், போகிறவர்கள் அங்குள்ள அதிகாரிகள் வைத்திருக்கும் வேலியைத் தாண்டலாகாது. 1924-இல் கிலாவேயா வெடித்தபோது அருகே சென்ற ஒருவர் உயிரிழந்தார். 2018-இல் தீக்குழம்பு கடலில் விழும் காட்சியைக் காணச் சென்ற ஒரு படகின் மீது எரிகற்கள் விழுந்து 23 பேர் காயமடைந்தார்கள். கந்தக வாயு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. இரவில் அந்த உயரத்தில் குளிர் உண்டு. கம்பளிச் சட்டையும் கைவிளக்கும் அவசியம்.

இவையெல்லாம் உடம்புக்கான எச்சரிக்கைகள். மனத்துக்கும் ஒன்று உண்டு. நமக்கு வேடிக்கையாயிருப்பது அந்நாட்டாருக்குத் தெய்வ சந்நிதி. அருணாசலத்தை அக்கினி மலையென்று வணங்கி, கார்த்திகை தீபத்துக்கு அண்ணாந்து காத்திருக்கும் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்து மதத்தைத் தழுவிய கபியோலானி என்ற தலைவி, 1824-இல் கிலாவேயாவின் பள்ளத்தில் இறங்கி, பெலேக்குரிய ஒஹேலோப் பழங்களை அவளுக்குப் படைக்காமலே உண்டு, தேவியின் கோபத்துக்குத் தான் அஞ்சவில்லை என்று காட்டினாள். பாதிரிமார்கள் அவளைக் கொண்டாடினார்கள். ஆயினும் பெலே மக்கள் மனத்திலிருந்து மறைந்துவிடவில்லை. 1881-இல் மௌனா லோவாவின் தீக்குழம்பு ஹீலோ நகரத்தை நெருங்கியபோது, இராஜ குடும்பத்தைச் சேர்ந்த ரூத் கேலிகோலானி அங்கே சென்று தேவிக்குக் காணிக்கை செலுத்தி வேண்டிக்கொண்டாள். குழம்பு நகரத்தின் எல்லையோடு நின்றது. ஆங்கிலம் புரிந்தும், தாய்மொழியிலன்றிப் பேச மறுத்த மாதரசி அவள்! 2018-இல் வீடு இழந்தவர்களில் சிலர், "நிலம் பெலேயுடையது, அவள் எடுத்துக்கொண்டாள்" என்றே சொன்னார்கள். நஷ்டத்தை அப்படித் தாங்கிக்கொள்ளும் மனத்தை மூட நம்பிக்கை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு விநோதத்தைக் கூற வேண்டும். கிலாவேயாவுக்குப் போகிற யாத்திரிகர்களில் சிலர், தடையிருந்தும், ஒரு கல்லை ஞாபகார்த்தமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஊர் சேர்ந்த பிறகு கஷ்டம் ஏதேனும் வந்தால், 'பெலேயின் சாபம்!' என்று நடுங்கி, மன்னிப்புக் கடிதத்துடன் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். இத்தகைய பார்சல்கள் எரிமலைப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தன.

கல்லை எடுத்தவர்களுக்கு இருந்த பயம் நாட்டை எடுத்தவர்களுக்கு இருந்ததா? 1893 ஜனவரியில், கரும்புத் தோட்ட முதலாளிகளும் அவர்கள் கூட்டாளிகளும், அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நின்ற பலத்தில், லிலியுவோகலானி மகாராணியைச் சிங்காசனத்திலிருந்து இறக்கினார்கள். 1895-இல் அவளுடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் அவளைச் சிறை வைத்தார்கள். சிறையில் அவள் சும்மா இருக்கவில்லை. தன் குலத்தாரின் சிருஷ்டி காவியமாகிய 'குமுலிப்போ'வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். 1897-இல், தங்கள் நாட்டை அமெரிக்காவுடன் சேர்க்கக்கூடாது என்று 21,000-க்கு மேற்பட்ட ஹவாயி மக்கள் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பினார்கள். மறு வருஷமே நாடு சேர்த்துக்கொள்ளப்பட்டது. இராஜ்யத்துக்குச் சொந்தமான 18 லட்சம் ஏக்கர் நிலம், மக்களின் சம்மதமும் இன்றி, ஈடும் இன்றிக் கைமாறியது. நூறு ஆண்டுகள் கழிந்து, 1993-இல், அமெரிக்கக் காங்கிரஸ் அதற்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மன்னிப்புக் கடிதம் வந்துவிட்டது. கூடவே வந்திருக்க வேண்டிய பார்சல் வரவில்லை!

ஆகவே, நேயர்களில் யாருக்கேனும் அந்தத் தீவுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தால், மாலையில் போங்கள். இருட்டும் வரையில் காத்திருங்கள். வேலிக்கு இப்பால் நின்று கண்ணாரக் காணுங்கள். பக்கத்தில் ஒரு ஹவாயி மூதாட்டி பள்ளத்தை நோக்கித் தன் மொழியில் ஏதேனும் ஓதிக்கொண்டிருந்தால், அவள் முடிக்கும் வரையில் பேச்சை நிறுத்துங்கள். திரும்பும்போது கையில் ஒரு கூழாங்கல்லும் வேண்டாம். கண்ணில் நிறைந்த அந்தச் செவ்வொளி ஒன்றே போதும். அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.