சோதித்துவிட்டுச் சுடுங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். "ஆபரேஷன் இல்லை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம், முதுகுவலிக்கு நிரந்தர முற்றுப்புள்ளி." முதல் மூன்றும் உண்மை. நான்காவது பொய். அந்த ஒரு பொய்யைப் பற்றியும், அதற்குத் துணையாக நடக்கும் இன்னொரு அவசரத்தைப் பற்றியும்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். என் வயதுக்காரர்களில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காதவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்கும் பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சிறிய மூட்டுகள் இருக்கின்றன. ஃபேசட் மூட்டு என்கிறார்கள். முழங்கால் தேய்வது போல இவையும் வயதானால் தேயும். அந்த மூட்டு வலிக்கிறது என்ற சேதியை மூளைக்குக் கொண்டுபோவது நூல் போன்ற மெல்லிய நரம்பு. ஒரு மூட்டுக்கு இப்படி இரண்டு நரம்புகள். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை அந்த நரம்பின் அருகில் கொண்டுபோய், ஊசி முனையை ரேடியோ அலை மூலம் 80, 90 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றரை நிமிடம் போல வைத்திருந்தால் நரம்பு வெந்துவிடும். சேதி போகாது. வலி தெரியாது. இதைத்தான் ஆர்.எஃப். சிகிச்சை என்கிறார்கள்.

கவனியுங்கள், மூட்டு சரியாகவில்லை. சேதி போகிற கம்பியைத்தான் அறுத்திருக்கிறார்கள். அந்த நரம்பு மறுபடி வளரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வலி திரும்பும். சிலருக்குக் கொஞ்சம் கூடுதல், சிலருக்குக் குறைவு. வலி திரும்பினால் மறுபடி சுடலாம். இது இந்தச் சிகிச்சையின் குறை இல்லை, இயல்பு. அப்படி இருக்க, "நிரந்தரம்" என்ற சொல் பேனரில் எப்படி வந்தது?

நான் முப்பத்தைந்து வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன். ஒரு ஃபீடர் டிரிப் ஆனால் நாங்கள் என்ன செய்வோம்? கண்ணில் பட்ட கம்பியை வெட்டமாட்டோம். ஏ.பி. சுவிட்ச்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தப் பகுதியைப் பிரித்தால் லைன் நிற்கிறது என்று பார்ப்போம். கோளாறு இந்தப் பகுதியில்தான் என்று உறுதியான பிறகே ஆளை கம்பத்தில் ஏற்றுவோம். நரம்பைச் சுடுவதற்கும் இதே மாதிரி ஒரு முறை இருக்கிறது. அதுதான் சோதனை ஊசி. சந்தேகப்படும் நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் விடுவார்கள். சில மணி நேரம் அந்த நரம்பு உறங்கும. அந்த நேரத்தில் வலி பெருமளவு போய்விட்டால், கோளாறு அங்கேதான் என்று வைத்துக்கொள்ளலாம். போகவில்லை என்றால் அந்த நரம்பைச் சுட்டுப் பயனில்லை. வேறு இடத்தில் தேட வேண்டும்.

எனக்கு அப்படித்தான் செய்தார்கள். 69 வயதில், நின்றால் வலி, பின்னால் சாய்ந்தால் வலி, பத்து நிமிடம் வரிசையில் நிற்க முடியாது. முதலில் மூன்று மாதம் பிசியோதெரபி. அதன் பிறகுதான் சோதனை ஊசி. ஊசி போட்டதும் என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "அய்யா, அரை மணிக்கு ஒரு தடவை வலி பத்துக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. எது செஞ்சா வலிக்குமோ அதையெல்லாம் செஞ்சு பாருங்க" என்றார் அந்த மருத்துவர். மாடிப்படி ஏறினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். ஏழாக இருந்த வலி ஒன்றுக்கு வந்தது. சாயங்காலம் மறுபடி ஏழு. இரண்டு வாரம் கழித்து வேறு மருந்தில் இன்னொரு முறை அதே சோதனை. அதன் பிறகுதான் சுட்டார்கள்.

குப்புறப் படுக்க வைத்து, தோலை மரக்கச் செய்துதான் ஊசியை இறக்கினார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். சுடுவதற்கு முன் மெல்லிய மின்சாரம் விட்டு, "காலில் ஏதாவது துடிக்குதா?" என்று கேட்டார்கள். காலில் துடித்தால் ஊசி தவறான நரம்பின் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். முழுக்கத் தூங்க வைத்துவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதன் பிறகு பத்து நாள் முதுகில் வெயில் சுட்டது போல ஒரு எரிச்சல். மூன்றாவது வாரம் வலி தணிந்தது. பத்து மாதம் நிம்மதியாக இருந்தேன். அந்தப் பத்து மாதமும் தினம் நடந்தேன், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்தேன். வலி திரும்பியபோது நான் பதறவில்லை. திரும்பும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

இப்போது என்னோடு வேலை பார்த்த ஒரு ஃபோர்மேனின் கதை. அவருக்கு வலி இடுப்பிலிருந்து கிளம்பி, தொடை, முழங்கால் தாண்டி, கால் பெருவிரல் வரை மின்சாரம் போல இறங்கும். போன இடத்தில் (ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை) ஸ்கேன் எடுத்தார்கள். அதே வாரம் சுட்டுவிட்டார்கள். பார்க்கப் போயிருந்தேன்.

"ஏப்பா, சோதனை ஊசி போட்டாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு சார், ஸ்கேன்லயே தெளிவாத் தெரியுதுன்னுட்டாங்க."

"காலுக்கு இறங்குற வலியைச் சொன்னியா?"

"சொன்னேன் சார். எல்லாம் ஒரே நரம்புதான்னாங்க."

ஒரே நரம்பு இல்லை. காலுக்கு இறங்குகிற வலி பெரும்பாலும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற பெரிய நரம்பின் வேரை அழுத்துவதால் வருவது. பின்பக்கத்துச் சின்ன மூட்டின் நரம்பைச் சுட்டால் அந்த வலி எப்படிப் போகும்? போகவில்லை. எரிச்சல் பதினைந்து நாள் கூடுதலாக வந்தது, கையிருப்பு ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் போனது. மகளின் வளைகாப்புக்கு என்று வைத்திருந்த பணம் அது.

எங்கள் தெருவிலேயே இன்னொரு அம்மாவுக்கு வேறு மாதிரி அநியாயம். அவருக்குச் சிகிச்சை பலித்தது. ஆனால் "இனி வலியே வராது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏழாவது மாதம் வலி வந்ததும், முதுகுத் தண்டில் ஏதோ பெரிய வியாதி என்று முடிவு கட்டிவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. நரம்பு வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்ல யாருமில்லை. ஒரு வாக்கியத்தை மறைத்ததற்கு அந்த அம்மா கொடுத்த விலை மூன்று மாதத் தூக்கம்.

"ஸ்கேனிலேயே தெரிகிறது" என்கிறார்களே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். முதுகுவலியே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் ஓர் ஆய்வு வந்தது. வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். அதாவது நம் வயதில் ஸ்கேன் எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தலை நரைத்திருப்பதைப் போட்டோ எடுத்துக் காட்டி, அதனால்தான் தலைவலி என்று சொல்வது போன்றது இது.

சரி, இந்தச் சிகிச்சையைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது? 1971லேயே ஆஸ்திரேலியாவில் ரீஸ் என்ற மருத்துவர், நீண்ட மெல்லிய கத்தியால் இந்த நரம்புகளை அறுத்து ஆயிரம் பேரில் 998 பேருக்கு வலியைப் போக்கியதாக எழுதினார். பிறகு மற்றவர்கள் உடற்கூறு பார்த்து ஆராய்ந்தபோது, அவருடைய கத்தி அந்த நரம்பை எட்டியிருக்கவே முடியாது என்று தெரிந்தது. எனவே யாராவது "எங்களிடம் 95 சதவீதம் வெற்றி" என்று சொன்னால் ரீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

1996ல் அதே ஆஸ்திரேலியாவில் ஒழுங்கான ஆய்வு ஒன்று நடந்தது. கார் விபத்தில் கழுத்து மூட்டு வலி வந்த 24 பேர். யாரைச் சேர்ப்பது என்பதற்கே மரத்துப்போகும் மருந்தும் வெற்று மருந்துமாக மாற்றி மாற்றி ஊசி போட்டுச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 80 டிகிரியில் சுட்டார்கள். பாதிப் பேருக்கு ஊசியை வைத்து, சூடேற்றாமல் எடுத்துவிட்டார்கள். சுட்டவர்களுக்கு வலி பாதி அளவு திரும்ப நடுமதிப்பாக 263 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 8 நாள்.

2017ல் நெதர்லாந்தில் 681 பேரை வைத்துப் பெரிய ஆய்வு. இடுப்பு வலிக்காரர்கள். எல்லோருக்கும் உடற்பயிற்சி, பாதிப் பேருக்கு மட்டும் அதோடு நரம்பைச் சுடுதல். குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை இல்லை என்று முடிவு வந்தது. இங்கே ஒரே ஒரு சோதனை ஊசிதான், வலி பாதி குறைந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள், அந்தச் சல்லடை போதாது என்று வலி மருத்துவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு நிபுணர் குழு, புற்றுநோய் இல்லாத நாள்பட்ட முதுகுவலிக்கு இந்த மாதிரி ஊசிகளையும் சுடுதலையும் செய்யவே வேண்டாம் என்று வலுவாகப் பரிந்துரைத்தது. அதற்கும் எதிர்ப்பு. பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலோ, மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி மிதமாகவோ கடுமையாகவோ இருந்து, சோதனை ஊசியில் பலனும் கண்டவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம் என்கிறது.

பெரியவர்கள் சண்டை போடட்டும். என் பத்து மாத நிம்மதியில் ஊசியின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மட்டும் புரிகிறது. ஒரு முறை சோதித்துச் செய்தாலே பலன் இருக்கிறதா இல்லையா என்று வாதம் நடக்கிறது. அப்படியானால் சோதிக்கவே சோதிக்காமல் சுடுவதற்கு எந்த வாதமும் கிடையாது. இந்தச் சிகிச்சையை ஆதரிக்கிறவர்கள்கூட அதை ஆதரிக்கவில்லை.

பின் ஏன் நடக்கிறது? காசுதான். சோதனை ஊசி போட்டால் இரண்டு நாள் கூடுதல், பாதிப் பேர் "எனக்கு வலி குறையவில்லை" என்று திரும்பிப் போய்விடும் ஆபத்து வேறு. பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகளும் இதற்குத் தோதாகத்தான் இருக்கின்றன. சுடுவதற்குப் பணம் தரும். முப்பது நாள் பிசியோதெரபிக்குப் போய்வந்தால் தராது. எது முதலில் செய்ய வேண்டியதோ அது நம் பாக்கெட்டில் இருந்து, எது கடைசியோ அது பேக்கேஜில். நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள், எனக்கு ஒருவர் வாய்த்தார். அதிர்ஷ்டத்தை நம்பியா முதுகைக் கொடுப்பது?

இன்னொரு தரப்பையும் விடமாட்டேன். "வயசானா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லும் பிள்ளைகள். பேனரை நம்பி ஓடுகிற ஆளை உண்டாக்குவதே இந்த வாக்கியம்தான். வீட்டில் யாரும் காது கொடுக்காதபோது, காது கொடுப்பது போல நடிக்கிறவனிடம் மனுஷன் போகத்தான் செய்வான்.

ஆகவே, சுடச் சொன்னால் இவற்றைக் கேளுங்கள். எந்த மூட்டு, எந்த நரம்பு என்று எழுதித் தருவீர்களா? சோதனை ஊசி உண்டா, எத்தனை முறை? சோதனையில் வலி குறையாவிட்டால் சுடாமல் விடுவீர்களா? பலித்தால் எத்தனை மாதம் தாங்கும்? அதற்குப் பிறகு எனக்கு என்ன உடற்பயிற்சி? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஊசியில் ஸ்டீராய்டு கலக்கிறார்களா என்று கேளுங்கள், கலந்தால் சில நாள் சர்க்கரை ஏறும்.

பதில் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது, வலியோடு காய்ச்சல் வருவது, காரணமின்றி உடல் இளைப்பது, இவை இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி வருடக்கணக்கில் இருக்கும் முதுகுவலிக்கு, "இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் சலுகை" என்ற அவசரம் எதற்கு? சலுகை விலையில் சுட்டுக்கொள்ள நம் நரம்பு சோளக்கதிர் இல்லை.