பரமபதக் கட்டத்தில் குடியுரிமைப் பாடம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காக நம் வீடுகளில் பரமபதப் படம் விரிப்பது பழைய வழக்கம். தாயக்கட்டை உருளும், நற்செயலுக்கு ஏணி, தீச்செயலுக்குப் பாம்பு. அறநூல் எதையும் திறவாமலேயே, நல்வினையின் ஏற்றத்தையும் தீவினையின் வீழ்ச்சியையும் சிறுவர்கள் அதில் அறிந்தார்கள். விளையாட்டின் வழியே பாடம் புகட்டுவது நமக்குப் புதிதன்று. அமெரிக்காவில் வாழும் நாம், நம் தமிழ்ப்பள்ளிகளில் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்நாட்டின் குடியுரிமை முறையையும் அவ்வழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆங்கிலப் பள்ளியில் குடிமையியல் கற்பிக்கவில்லையா என்று கேட்கலாம். கற்பிக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியான சான்ட்ரா டே ஓ'கானர் 2009இல் தொடங்கிய 'ஐசிவிக்ஸ்' அமைப்பு, மாணவர்களுக்கென்றே கணினி ஆட்டங்களை இலவசமாக வழங்குகிறது. அவை நல்லவை. ஆயினும் நம் இல்லங்களில் நடப்பதை அவற்றிலிருந்து முழுமையாக அறிய இயலாது. நம் வகுப்பறையில் ஒரே பலகையில் மூவர் அமர்ந்திருக்கக்கூடும்: ஒருவர் இங்கே பிறந்த குடிமகன், இன்னொருவர் பச்சை அட்டை பெற்றவர், மற்றவர் பெற்றோரைச் சார்ந்த விசாவில் வந்தவர். மூவரும் ஒரே குறளைத்தான் ஓதுகிறார்கள். ஆனால் ஒருவர் நிற்கும் கட்டம் மற்றவருக்குத் தெரியாது. தேர்தல் நாளில் தன் அன்னை ஏன் வாக்களிக்கவில்லை என்பதும் சில பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒரு பெரிய அட்டையும் தாயக்கட்டையும் போதும். பச்சை அட்டை முதற்கட்டம். பிறகு 5 ஆண்டுக் கட்டங்கள். அவற்றுள் குறைந்தது 30 மாதம் இம்மண்ணில் இருந்திருக்க வேண்டும். அடுத்து விண்ணப்பம், கைரேகை, நேர்காணல், ஆங்கிலத் தேர்வு, குடிமையியல் தேர்வு, இறுதியில் உறுதிமொழி. குடிமகனை மணந்து அவருடன் வாழ்பவர்க்கு 3 ஆண்டே போதும் என்பது ஓர் ஏணி. பச்சை அட்டை பெற்ற, 18 வயது நிரம்பாத பிள்ளை, உடன் வாழும் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்ற அன்றே தானும் குடிமகனாகிவிடுவது நெடிய ஏணி. 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஏணி அது.

பாம்புகளும் உண்டு. ஆறு மாதத்திற்கு மேல் தொடர்ந்து ஊரில் தங்கிவிட்டால், தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதப்படலாம். தேர்வில் தவறுவது சிறு பாம்பே. 60 முதல் 90 நாள்களுக்குள் மறுவாய்ப்புக் கிடைக்கும். ஆனால் குடியுரிமை பெறுமுன் வாக்காளராகப் பதிந்துகொண்டு வாக்களிப்பது நாடு கடத்தப்படும் நிலைக்கே தள்ளக்கூடிய பெரும்பாம்பு. ஓட்டுநர் உரிமம் பெறும்போது நீட்டப்படும் படிவத்தில், நான் குடிமகன் என்று அறியாமல் இடும் ஒரு குறியே அதற்கு வழிதிறந்துவிடும். பதின்மூன்று வயதில் இதனை அறிந்துகொள்வது பதினாறு வயதில் காக்கும்.

வினாடி வினாவோடு நின்றுவிடலாகாதா? 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போர்க்குரிய தேர்வில் 128 வினாக்கள் உள்ளன. 20 கேட்கப்படும், 12க்குச் சரியான விடை வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் இவற்றை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் குடியுரிமைப் பயணத்தில் கடினமானது விடையளிப்பதன்று, காத்திருப்பதே.

ஆகவே முதற்கட்டத்திற்கு முன்னே ஒரு வரிசையையும் வரைய வேண்டும். இருவர்க்கு அட்டை கொடுங்கள். இருவரும் தமிழர்; ஒரே படிப்பு, ஒரே வேலை. ஒருவர் பிறந்தது யாழ்ப்பாணம், மற்றவர் பிறந்தது மதுரை. வேலைவழிப் பச்சை அட்டைகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாக வழங்கலாகாது என்பது சட்டம். இந்தியாவில் பிறந்தோர் வரிசை மிக நீண்டது. யாழ்ப்பாணத்துக் காய் நகர்ந்துவிடும். மதுரைக் காய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும். "இது நியாயமா?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் ஆட்டம் வென்றது என்று கொள்ளலாம்.

ஆசிரியர் அதற்குத் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. வரலாற்றைக் கூறினால் போதும். 1923இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946இல் சட்டம் மாறியது. அதனால் 1949இல் குடியுரிமை பெற்ற தலிப் சிங் சவுந்த், 1956இல் நாடாளுமன்றத்திற்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். மனிதர் வகுத்த சட்டத்தை மனிதர் மாற்றவும் இயலும் என்பதைப் பிள்ளைகள் உணர்வார்கள்.

வாரம் ஒருமுறை கூடும் தமிழ் வகுப்பில் இதற்கு நேரமேது என்பது ஒரு மறுப்பு. விளையாடுவதும் தமிழில்தானே! நேர்காணல், உறுதிமொழி, வாக்குரிமை, அரசியலமைப்பு என்னும் சொற்கள் ஏட்டிலிருந்து நாவிற்கு வரும். மேலும், 55 வயதைக் கடந்து, பச்சை அட்டையுடன் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்த முதியோர்க்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. குடிமையியல் தேர்வை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தாய்மொழியிலேயே எழுதாமல் வாய்மொழியாகச் சொல்லலாம். பாட்டியைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யப் பேரனுக்குத் தமிழில் வினாத் தொடுக்கத் தெரிய வேண்டாமா?

பெரியோரின் துன்பத்தை ஆட்டமாக்குவதா என்பது இன்னொரு மறுப்பு. அதில் நியாயம் உண்டு. எனவே ஒரு விதியைக் கண்டிப்பாகக் கொள்ள வேண்டும்: எந்தப் பிள்ளையிடமும் அதன் குடும்ப நிலையைக் கேட்கலாகாது. அட்டைகள் யாவும் கற்பனை மாந்தருடையனவாகவே இருக்கட்டும். அப்போது, வரிசையில் நிற்கும் வீட்டுப் பிள்ளை, தாமதம் தன் தந்தையின் குறையன்று என்பதை எவரும் சொல்லாமலே அறியும். இங்கே பிறந்த பிள்ளையோ, தனக்கு உரிமையாகக் கிடைத்தது மற்றவர் எத்தனை ஆண்டு உழைத்துப் பெறுவது என்று உணர்ந்து, 18 வயதில் வாக்கைத் தவறவிடாது.

பெற்றோர்களே! அடுத்த ஆண்டு விழாவில் அரங்கின் ஒரு மூலையை இதற்கு ஒதுக்குவோம். கட்டங்களை மாணவர் வரையட்டும்; காய்களை அவர்களுடன் நாமும் நகர்த்துவோம்.