நம்பரைப் பார்க்காமல் நட்டைத் திருகாதே!

பழைய காரைப் புதுப்பிக்கிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது எது? ஸ்பானரா? பெயிண்ட் டப்பாவா? இரண்டும் அல்ல. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும்தான்!

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊர் உள்ளது. அங்கு இருந்த தொழிற்சாலையில் 1962-ம் ஆண்டு "எம்.ஜி.பி." என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராயின. அந்த ஆண்டே தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனால் கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் புதுப்பித்து ஓட்டப் பலருக்கும் ஆசை. ஆசை நல்லதுதான். அவசரம்தான் கெட்டது.

வெளியே ஒன்று, உள்ளே வேறு

இந்தக் கார்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளே அப்படி அல்ல.

தொடக்கத்தில் வந்த என்ஜினில் கிராங்க் ஷாப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் 3. 1964-ம் ஆண்டின் பிற்பகுதியில் அது 5 ஆயிற்று. ஒன்றின் கிராங்க் ஷாப்ட் மற்றதில் சேராது.

எது எந்த என்ஜின்? அதன் நம்பரே சொல்லும். "18ஜி" அல்லது "18ஜிஏ" என்று தொடங்கினால் 3 பேரிங். "18ஜிபி" என்றால் 5 பேரிங். காரின் வயதை மட்டும் நம்பக்கூடாது. இடையில் யாராவது என்ஜினையே மாற்றியிருக்கலாம் அல்லவா?

வண்டியின் நம்பரும் பேசும். "ஜிஎச்என்" என்று இருந்தால் இருவர் அமரும் திறந்த கார். "ஜிஎச்டி" என்றால் கூரை மூடிய "ஜி.டி." கார்.

இரண்டு வகை நம்பர்

பாகத்தில் மேடாகப் புடைத்திருக்கும் நம்பர் வார்ப்பு நம்பர். அது அச்சில் வார்க்கும்போதே விழுவது. ஒரே வார்ப்பைக் கடைந்து வெவ்வேறு பாகங்களாக்கலாம். ஆகவே, வார்ப்பு நம்பரைக் கொடுத்துப் பாகம் கேட்டால் வேறு ஏதாவது வந்து சேரும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற கதைதான்! தொழிற்சாலையின் பாகப் பட்டியலில் உள்ள நம்பரைத்தான் கேட்க வேண்டும்.

எஸ்.யு. கார்புரேட்டரின் மூடியில், திருகுக்கு அடியில் ஒரு சிறு தகடு இருக்கும். அந்தக் கார்புரேட்டர் எந்த ரகம் என்று அதில் உள்ள நம்பர் சொல்லும். கழற்றும்போது குப்பை என்று எறிந்துவிட்டால் அடையாளமே போயிற்று. அந்நாளைய லூகாஸ் டைனமோவில் தயாரான மாதமும் ஆண்டும்கூடப் பொறித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்குமுன் எல்லாவற்றையும் எழுதிக் கொள்ளுங்கள்.

இது மோசடி!

பிறந்தபோது இருந்த அதே என்ஜின் உள்ள காருக்கு மதிப்பு அதிகம். அதற்காகச் சிலர் பழைய நம்பரைச் சுரண்டிவிட்டுப் புதிய நம்பர் அடிக்கிறார்கள். இதற்குப் பெயர் புதுப்பித்தல் அல்ல. பொய்ப் பத்திரம் எழுதுவது! என்ஜின் மாறியிருந்தால், "மாறியது" என்று எழுதி வைப்பதில் வெட்கம் என்ன? வாங்குகிறவர் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பணம் கட்டி, தொழிற்சாலைப் பதிவேட்டின்படி சான்றிதழ் பெறலாம். குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு பைத்தியமும் உண்டு. நம்பர் சரியாக இருக்கிறது என்று 50 ஆண்டுப் பழைய ரப்பர் பிரேக் குழாயை மாட்டுவது! ரப்பர் நாளடைவில் வெடிக்கும், உள்ளே உப்பும். பிரேக் பிடிக்காத காருக்கு நம்பர் எதற்கு? பழையதைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கட்டும். காரில் புதியதைப் போடட்டும்.

நம்பர் உண்மையைச் சொல்வதற்காக இருக்கிறது. அதைப் படிக்க வேண்டும், அழிக்கக்கூடாது, அதற்காக உயிரையும் பணயம் வைக்கக்கூடாது.