இரவுக் காவலருக்கு முதலில் தூக்கம்

அரசு ஊழியர் உடல்நலம் என்றாலே ஐந்து நிமிட யோகாதான் பேச்சு. மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் அதற்கென ஒரு செயலியே வெளியிட்டது. நாற்காலி வேலைக்கு நல்லதுதான். எங்கள் ஊரில் அரசு வேலை வேறு மாதிரி. கொட்டும் மழையில் டார்ச்சும் பட்டாசுமாக விடியும்வரை யானையின் பின்னால் அலையும் வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலருக்கு மூச்சுப்பயிற்சிக்கு முன்பு தூக்கம் வேண்டும். தமிழ்நாடு காவல்துறையினருக்கு 2021-இல் வார ஓய்வுக்கு ஆணை பிறந்தது. அதைப்போல, இரவு ரோந்து போனவருக்கு மறுநாள் ஓய்வை எழுத்திலேயே உறுதி செய்யலாமே.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நலனும் இப்படித்தான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம்தான் இன்றைய டேன்டீ. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் ரத்த அழுத்தம் பார்க்க ஒருநாள் கூலியை இழக்க வேண்டுமா? 2024-இல் வந்த ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தின் குழு, இலை எடை போடும் இடத்துக்கே மாதம் ஒருமுறை வரட்டும். எடை நேரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். மேடை, மைக், பொன்னாடை எதுவும் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேரம்பாடி, நீலகிரி.